எழுத்தைத் தடிப்பதனால் வாசிப்பு வளருமா?

சென்ற வருடம் இரண்டாம் தவணை முடிவுறும் தறுவாயில், எங்கள் பாடசாலையின் ஆசிரியர் அறையிலே ஓர் இளம் நண்பர் தமது கைத்தொலைபேசியை என் முன் நீட்டினார். அவர் கணிதம் கற்பிப்பவர். புதுமைகளில் ஆர்வம் மிக்கவர். திரையில் ஓர் ஆங்கிலப் பந்தி தெரிந்தது. அதிலே ஒவ்வொரு சொல்லின் முற்பகுதி தடித்த எழுத்திலும், எஞ்சிய பகுதி மெல்லிய எழுத்திலுமாக அமைந்திருந்தது.

"வாசித்துப் பாருங்கள் சேர். கண் வழுக்கிக்கொண்டு ஓடும்" என்றார்.

வாசித்தேன். ஓடுவது போலத்தான் இருந்தது. இதற்குப் பயோனிக் ரீடிங் என்று பெயராம். சுவிட்சர்லாந்து நாட்டு எழுத்து வடிவமைப்பாளர் ரெனாட்டோ காசுட் என்பவர் உருவாக்கியது. 2022இல் உலகெங்கும் பரவிப் பேசப்பட்டது. சொல்லின் தலையைக் கண்டதும் மூளை அதன் உடலைத் தானே பூர்த்தி செய்துகொள்ளும். ஆகவே வாசிப்பு விரைவாகும், கவனமும் சிதறாது என்பது இதன் பின்னுள்ள நம்பிக்கை. கவனம் ஒரு நிலையில் நில்லாது அலைபவர்கள் பலர் தமக்கு இதனால் பெரும் பயன் கிட்டியதாக மகிழ்ந்து கூறினர் என்றும் நண்பர் சொன்னார்.

நான் சாதாரணமாக இத்தகைய வித்தைகளை எளிதில் நம்புபவனல்லன். ஆனால் அன்று மாலை வீடு திரும்பும் வரை அந்தப் பந்தி என் கண்ணை விட்டு அகலவில்லை. காரணம் ஒரு மாணவி.

பதுளைக்குப் புகையிரதம் 1924இல் வந்தது. அன்று முதல் இன்றுவரை மலையக இருப்புப்பாதையின் கடைசி நிலையம் எங்கள் ஊரே. வேறு பல விஷயங்களும் எங்களிடம் கடைசியாகவே வந்து சேர்கின்றன. என் வகுப்புப் பிள்ளைகளுள் அநேகர் பசறை, ஹாலிஎல, தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து விடிவதற்கு முன் எழுந்து, லயத்திலிருந்து பிரதான வீதிவரை நடந்து, பஸ் பிடித்து வருகிறவர்கள். அவர்களில் ஒருத்தி, பத்தாம் வகுப்பில் படிப்பவள், கூர்மையான அறிவுடையவள். வாயால் கேட்டால் எதற்கும் விடை சொல்வாள். வினாத்தாளில் மட்டும் பாதி வெறுமையாகக் கிடக்கும். ஏனென்று கேட்டபோது ஒரு நாள் சொன்னாள்:

"வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள மணி அடிச்சிருது சேர்."

பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு பக்கத்தை வாசிக்க எடுக்கும் நேரத்தில், பட்டணத்துப் பிள்ளை மூன்று பக்கங்களை வாசித்துவிடும். அடுத்த வருடம் சாதாரணதரப் பரீட்சை. அதிலே மணி யாருக்காகவும் காத்திராது. அறிவு இருந்தும் அதனைத் தாளில் இறக்குவதற்கு முன்னரே காலம் முடிந்துவிடுவது எத்தகைய கொடுமை என்பதை ஆசிரிய நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவேதான், எழுத்தைத் தடிப்பதனால் இவளுக்கு விமோசனம் கிடைக்குமாயின் அதையும் செய்து பார்ப்போமே என்று எண்ணினேன்.

*

இரண்டு இரவுகள் கணினியின் முன் அமர்ந்து, தமிழ்ப் பந்திகள் சிலவற்றை எடுத்து, ஒவ்வொரு சொல்லின் முற்பாதியையும் தடித்தேன். நகரத்துக் கடையொன்றில் போட்டோப் பிரதிகள் எடுத்தேன். வகுப்பில் பாதிப் பேருக்குத் தடித்த தாளும் பாதிப் பேருக்குச் சாதாரணத் தாளும் கொடுத்து வாசிக்கச் செய்து, பின்பு வினாக்கள் கேட்டேன். அடுத்த நாள் தாள்களை மாற்றிக் கொடுத்தேன்.

பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டாக இருந்தது. ஆயின் வேகத்தில் நான் எதிர்பார்த்த வேறுபாடு தென்படவில்லை. விரைவாக வாசிப்பவர்கள் இரண்டையும் விரைவாக வாசித்தனர்; திக்குபவர்கள் இரண்டிலும் திக்கினர். சிலர் தடித்த தாளே நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். அவர்களுடைய விடைகள் மட்டும் முன்னைப் போலவே இருந்தன.

நான் கொடுத்த பந்திகளுள் ஒன்று, பிரட்டுக்களத்தில் ஒட்டப்படும் அறிவித்தலைப் போல நானே எழுதியது. நிர்ணயித்த நிறைக்குக் குறைவாகக் கொழுந்து பறிப்போருக்கு முழுநாட் சம்பளம் கொடுக்கப்படமாட்டாது என்பது அதன் சாரம். அந்த மாணவி எழுந்து நின்று உரக்க வாசித்தாள். முதன்முறையாக அவள் குரல் தடையின்றி ஓடியது. என் மனம் குளிர்ந்தது. கடைசி வாக்கியத்துக்கு வந்தாள்.

"முழுநாட் சம்பளம் கொடுக்கப்படும்" என்று வாசித்து முடித்து, என்னைப் பார்த்துப் புன்னகை செய்தாள்.

வகுப்பிலே சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளிடம் தாளை வாங்கிப் பார்த்தேன். 'கொடுக்கப்ப' என்பது வரை கறுப்பாகத் தடித்து நின்றது. 'டமாட்டாது' மெலிந்து, போட்டோப் பிரதியில் பாதி மங்கிக் கிடந்தது. குற்றம் அவளுடையதன்று. எங்கே பார்க்க வேண்டுமென்று நான் சுட்டிக் காட்டினேனோ, அங்கே அவள் பார்த்தாள்.

*

சர்வகலாசாலையில் தமிழிலக்கணம் கற்று வெளிவந்தவன் நான். பகுதி, விகுதி, இடைநிலை என்று வருடந்தோறும் கரும்பலகையில் எழுதிக் கற்பிப்பவன். அப்படியிருந்தும் அன்றுவரை இந்தச் சிறு உண்மை எனக்கு உறைக்கவில்லை. தமிழ்ச்சொல்லின் தலையிலே இருப்பது வேர்ப்பொருள் மட்டுமே. யார் செய்தார், எப்போது செய்தார், செய்தாரா செய்யவில்லையா என்பவையெல்லாம் பெரும்பாலும் அதன் வாலிலேதான் இருக்கின்றன. 'தொழிலாளருக்கு' என்பதற்கும் 'தொழிலாளரிடமிருந்து' என்பதற்கும் தலை ஒன்றுதான். கொடுப்பதும் பறிப்பதும் வாலில் உள்ளன. ஆங்கிலத்திலோ 'இல்லை' என்பதும் 'இனி' என்பதும் 'இடமிருந்து' என்பதும் பெரும்பாலும் தனித்தனிச் சொற்களாக நிற்கும். அம்மொழிக்கென்று தைத்த சட்டையை நான் அளவு பாராமல் தமிழுக்கு அணிவித்துவிட்டேன்.

அப்படியாயின் ஆங்கிலத்திலாவது அச்சட்டை பொருந்துகிறதா என்று தேடிப் பார்த்தேன். ஆம்ஸ்ரர்டாம் நகரத்து ஆய்வாளர் ஜோஷுவா ஸ்நெல் 2024இல் வெளியிட்ட ஆய்வொன்றில், முற்பகுதி தடித்த பந்திகளையும் சாதாரணப் பந்திகளையும் வாசிப்பதற்கு எடுத்த நேரத்தை அளந்து ஒப்பிட்டிருக்கிறார். வேகத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை என்பதே அவர் கண்ட முடிவு.

வாசிக்கும்போது நம் கண் வரியின் மீது வழுக்கிச் செல்வதில்லை. தத்தித் தத்தியே செல்கிறது. பிரான்ஸ் நாட்டுக் கண் மருத்துவர் எமில் ஜாவால் 1879இலேயே இதைக் குறித்து எழுதினார். ஓரிடத்தில் ஏறத்தாழக் கால் விநாடி நின்று, சில எழுத்துக்களைத் தாண்டி மறுபடியும் நிற்கிறது. அவ்வாறு நிற்கும் நேரத்தை நீட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் எழுத்தின் கறுப்பு அன்று. அந்தச் சொல் நமக்கு எவ்வளவு பழக்கமானது என்பதே. வேக வாசிப்பைக் குறித்த ஆய்வுகளையெல்லாம் கீத் ரேனர் முதலிய உளவியலாளர்கள் தொகுத்து மதிப்பிட்ட கட்டுரை 2016இல் வெளிவந்தது. விளங்குவதைக் கைவிடாமல் வேகத்தைப் பன்மடங்காக்கும் குறுக்குவழி கிடையாது. மொழியறிவைப் பெருக்குவதும், நிறைய வாசிப்பதுமே வழி என்று அது முடிகிறது. இதைச் சொல்வதற்கு விஞ்ஞானிகள் வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். வேண்டும். ஏனெனில் குறுக்குவழியை விற்பவர்களும் விஞ்ஞானத்தின் பெயராலேயே விற்கிறார்கள்.

*

எனினும், எழுத்தின் தோற்றத்தைச் செம்மைப்படுத்துவதனால் பயனே இல்லையென்று இங்கே முடித்துவிடுவேனாயின் அது தமிழின் வரலாற்றுக்கே நான் செய்யும் துரோகமாகும்.

ஓலைச்சுவடியை நினைத்துப் பாருங்கள். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெளி கிடையாது. அடி முடிந்த இடம் தெரியாது. பாட்டும் உரையும் ஒரே ஓட்டமாக ஓடும். மெய்யெழுத்துக்குப் புள்ளி வேண்டுமென்று தொல்காப்பியம் விதித்திருந்தும், எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடும் என்று அஞ்சிப் புள்ளியை விட்டே எழுதினர் என்பர். எகரமா ஏகாரமா, ரகரமா காலா என்பதையெல்லாம் வாசிப்பவனே ஊகித்தறிய வேண்டும். இலக்கண உரைகளிலே 'செம்பொன்பதின்தொடி' என்றோர் உதாரணம் வரும். செம்பொன் பதின் தொடி என்று பிரித்தால் பத்துத் தொடிப் பொன். செம்பு ஒன்பதின் தொடி என்று பிரித்தால் ஒன்பது தொடிச் செம்பு. மாணவர்கள் இதை ஒரு வேடிக்கையாகப் படிக்கிறார்கள். ஆனால் அது கடன் பத்திரமாக இருந்திருக்குமாயின்? பொன்னா செம்பா என்று தீர்ப்பவன் பிரிக்கத் தெரிந்தவன். பிரிக்கத் தெரியாதவன் அவன் சொல்வதைக் கேட்டுக்கொள்ள வேண்டியவன்.

அந்தக் காலத்தில் வாசிப்பவனுக்குத் துணையாக இருந்தவை மோனையும் எதுகையும். அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவதைக் காது கேட்டதும், இங்கே ஓர் அடி தொடங்குகிறது என்று அறிவு உணர்ந்துகொண்டது. ஆகவே சொல்லின் முற்பகுதியை எடுத்துக்காட்டும் உத்தி நமக்குப் புதிதன்று; நம் முன்னோர் அதைக் கறுப்பு மையால் செய்யாமல் ஓசையால் செய்தார்கள். எழுத்தறியாதவருக்கும் அது பயன்பட்டது. இம்மலைநாட்டிலே தொழிற்சங்கத்துக்கு வித்திட்ட கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சி அம்மாள், தொழிலாளரின் துயரத்தையும் உரிமையையும் பாட்டாக்கித் தோட்டமக்கள் முன்னே பாடினார். அச்சிட்ட பிரசுரத்தை வாசிக்க இயலாதவர்களும் அப்பாட்டைக் கேட்டு மனத்தில் இருத்தினார்கள்.

அச்சு வந்த பின்னர் ஓசை செய்த வேலையைக் கண் செய்ய வேண்டியதாயிற்று. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வடிவத்தால் வேறுபடுத்தினார். 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் அச்சகம் நிறுவி, பாலபாடங்களையும் வசன நூல்களையும் நிறுத்தக்குறிகள் இட்டுத் தெளிவாக அச்சிட்டார். நாவலர் சாதி ஆசாரத்தைக் கைவிடாதவர். அவர் தெளிவாக்கிய எழுத்து எல்லாருடைய பிள்ளைகளையும் நாடிச் சென்றதென்று சொல்ல முடியாது. ஆயினும் காற்புள்ளி ஒருமுறை அச்சேறிய பின்னர் அது சாதி பார்ப்பதில்லை. 1950களில் சென்னையில் மர்ரே எஸ். ராஜம், வையாபுரிப் பிள்ளை போன்ற அறிஞர்களின் துணையோடு, கம்பராமாயணம் முதலிய பெருநூல்களைச் சந்தி பிரித்து மலிவு விலையில் வெளியிட்டார். சந்தியைப் பிரித்தால் யாப்புச் சிதையும் என்பது நியாயமற்ற ஆட்சேபமன்று. ஆனால் தோட்டத்திலிருந்து பேராதனைக்குப் போன என்னைப் போன்ற ஒருவனுக்கு, நூலகத்தில் அப்பதிப்பு கையில் கிடைத்த நாள் மறக்கமுடியாத நாள். சங்கப்பாட்டு ஒன்றை யாருடைய தயவுமின்றி நானே வாசித்து விளங்கிக்கொண்டது அன்றுதான்.

சொல்லுக்கிடையே விட்ட வெளி, மெய்யின் மேல் வைத்த புள்ளி, பிரித்த சந்தி ஆகியவற்றை எல்லாம் ஒருசேர நோக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. இவை வாசிப்பவனின் கண்ணை ஏமாற்றி ஓட்டுவதற்கு எழுந்தவையல்ல. முன்பு வாசிப்பவன் தலையில் ஏற்றியிருந்த சுமையில் ஒரு பகுதியை எழுதுபவனும் அச்சிடுபவனும் தாங்கள் ஏற்றுக்கொண்டார்கள். வாசித்தல் என்பது ஒரு சிலரின் வித்தையாக இருந்த நிலை மாறிப் பலரின் உரிமையாக அதனால்தான் ஆயிற்று. தடித்த எழுத்தோ இதில் எந்தச் சுமையையும் குறைப்பதில்லை. விளங்காத சொல் தடித்தாலும் விளங்காத சொல்லே.

*

இவ்விடத்தில் என் அம்மாயியை நினைக்கிறேன். அவள் கைநாட்டுக்காரி. ஆனால் எங்கள் காம்பராவிலே இருந்த தகரப்பெட்டிக்குள் கிடந்த காகிதங்கள் அத்தனையும் அவளுக்கு அத்துப்படி. பிறப்புச் சான்று, பிரஜாவுரிமைச் சான்று, சேமலாப நிதிக் கடிதம் என்று எதைக் கேட்டாலும், கையை விட்டு அதையே எடுத்துக் கொடுப்பாள். எப்படி அறிவாய் என்று ஒருமுறை கேட்டேன்.

"இது மஞ்ச, மடிச்ச எடத்துல கிழிஞ்சிருக்கும். அது சிங்க முத்திரை பெருசா இருக்கும். இது உங்க தாத்தா தேத்தண்ணி ஊத்துனது" என்று எண்ணிச் சொன்னாள்.

காகிதத்தின் தோற்றத்தை அவளைவிடக் கூர்மையாக வாசித்தவரை நான் கண்டதில்லை. பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற நானே அவளளவு விரைவாக ஒரு காகிதத்தைத் தேடி எடுக்க மாட்டேன். ஆயின் அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அறிவதற்கு அவள் இன்னொருவர் வாயைப் பார்த்தே இருந்தாள். அந்த இன்னொருவர் கணக்கப்பிள்ளையாகவோ, கங்காணியாகவோ, பட்டணத்து மனுவெழுதுபவராகவோ இருந்தார். தோற்றம் அவளுக்குக் காகிதத்தைக் கண்டெடுக்க உதவிற்று. அதற்கு மேல் ஓரடியும் அவளைக் கொண்டு செல்லவில்லை.

எங்கள் மக்களின் சரித்திரமே காகிதத்தின் சரித்திரம் எனலாம். 'துண்டு' என்ற பெயரிலேயே ஒரு முறை இருந்தது. இன்ன கடனைச் செலுத்தினால் இன்ன தொழிலாளியை விடுவிக்கலாம் என்று ஒரு தோட்டம் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அந்தச் சீட்டைக் காட்டிக் கடனோடு சேர்த்து மனிதரையும் கைமாற்றினார்கள். 1921இல்தான் அது சட்டத்தால் தடை செய்யப்பட்டது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, பிறந்த இடத்தையும் வாழ்ந்த காலத்தையும் காகிதத்தால் நிரூபி என்றது. காகிதம் ஒன்றையும் வாசிக்கக் கற்பிக்காமல் காகிதத்தைக் கேட்டது! 1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி மலர்ந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்குப் புறத்தே நின்றன. அவற்றை அரசு பெருவாரியாகப் பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியில்தான். இம்மலைகளில் ஒரு பிள்ளை மெதுவாக வாசிக்கிறது என்றால், அதன் கண்ணைச் சோதிப்பதோடு இந்த வருடங்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

*

அந்தச் சனிக்கிழமை அவளது தோட்டத்துக்குப் போனேன். லயத்தில் நடுக்காம்பரா. தாய் கொழுந்து மலையிலிருந்து அப்போதுதான் வந்து கூடையை இறக்கியிருந்தாள். "வாங்க சேர், உக்காருங்க" என்று இருந்த ஒரே கதிரையைத் துடைத்துப் போட்டாள். மகள் எங்கே படிப்பாள் என்று கேட்டேன். கட்டிலின் ஓரத்தைக் காட்டினாள். விளக்கு அதற்கு எதிர்ச்சுவரில் இருந்தது. அமர்ந்தால் அவளது நிழலே புத்தகத்தின் மேல் விழும். ஒருபுறத்துக் காம்பராவில் தொலைக்காட்சி; மறுபுறத்தில் குழந்தையின் அழுகை. இடையில் இருப்பது ஒரு மெல்லிய சுவர். பாடசாலையிலிருந்து வந்தால் தண்ணீர் எடுத்து, தம்பியைக் கவனித்து, சோறு வடித்த பின்னர்தான் புத்தகம். அந்த வீட்டிலே பாடநூல்களைத் தவிர அச்சடித்த பொருளாக நான் கண்டவை ஒரு நாட்காட்டியும், சுவரில் ஒட்டிய பழைய பத்திரிகைத் தாளுமே.

கவனத்தைக் குவிக்கும் உத்தியைத் தேடிக் கணினியின் முன் நான் இரண்டு இரவுகள் இருந்தேனே, அந்த இரவுகளை நினைத்து வெட்கப்பட்டேன்.

தாய் என் மனத்தை அறிந்தவள் போலச் சொன்னாள்: "படிக்கிற புள்ளதான் சேர். எடந்தான் இல்ல."

அடுத்த வாரம் முதல் சில காரியங்களைச் செய்தோம். அவை பெரிய காரியங்களல்ல. விளக்கின் கம்பியை நீட்டிக் கட்டிலுக்கு மேலே கொண்டு வந்தோம். பாடசாலை முடிந்து பஸ் வரும்வரை உள்ள அரைமணி நேரத்தை வாசிப்புக்கென ஒதுக்கினோம். அவளோடு இன்னும் ஆறேழு பேர் சேர்ந்துகொண்டார்கள். நூலகத்துக் கதைப் புத்தகங்களை மாறி மாறி உரக்க வாசித்தோம். முதலில் நான் வாசிப்பேன், பின்பு அவர்கள். பழகிய சொற்களின் தொகை பெருகப் பெருகக் கண் நிற்கும் நேரம் குறைவதை நானே நேரில் கண்டேன்.

எழுத்தின் தோற்றத்தையும் நான் விட்டுவிடவில்லை. இத்தாலியின் பாதுவா நகரத்து ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஓர் ஆய்விலே, டிஸ்லெக்ஸியா எனப்படும் வாசிப்பு இடர்ப்பாடுடைய இத்தாலிய, பிரெஞ்சுச் சிறுவர்களுக்கு எழுத்துக்களுக்கிடையே சற்றுக் கூடுதலான வெளி விட்டுக் கொடுத்தபோது, அவர்கள் விரைவாகவும் பிழை குறைத்தும் வாசித்தார்கள் என்று கண்டனர். வித்தை எதுவும் இல்லை. நெரிசலைக் குறைத்தார்கள், அவ்வளவே. நானும் என் தாள்களில் எழுத்தைப் பெரிதாக்கினேன், வரியைச் சிறிதாக்கினேன், வரிக்கும் வரிக்கும் இடையே தாராளமாக வெளி விட்டேன். காகிதம் இரு மடங்கு செலவாயிற்று. புள்ளிகள் மறையாதபடி நல்ல பிரதி எடுத்துத் தருமாறு கடைக்காரரிடம் வற்புறுத்தினேன். தேய்ந்த பிரதியில் 'க்' என்பது 'க' ஆகிவிடும். ஓலைக்காலத்துத் துன்பம் மறுபடியும் பிள்ளையின் தலையில் ஏறும்.

இன்னொன்றும் செய்தோம். பென்சிலை எடுத்து ஒவ்வொரு வாக்கியத்தின் இறுதிச் சொல்லின் வாலுக்குக் கீழே கோடிடும்படி சொன்னேன். கொடுக்கப்படும், கொடுக்கப்படமாட்டாது, செய்யலாம், செய்யலாகாது, உண்டு, இன்று. முதலில் வேகம் குறைந்தது. குறையட்டும் என்று விட்டேன். அறிவித்தலையும் ஒப்பந்தத்தையும் விரைந்து வாசிப்பதனால் நன்மை அடைபவர் அவற்றை எழுதியவரேயன்றி வாசிப்பவரல்லர். சில நாட்களிலே கோடு தேவைப்படவில்லை. கோடு போட்டது நானல்ல, அவளே என்பதனால் அது அவளுக்குள் தங்கிவிட்டது என எண்ணுகிறேன்.

இதனைப் பெருவெற்றியாக நான் எழுதவில்லை. அவள் இன்னமும் பட்டணத்துப் பிள்ளைகளைவிட மெதுவாகவே வாசிக்கிறாள். சென்ற தவணைப் பரீட்சையில் கடைசி வினாவைத் தொட்டாள், முடிக்கவில்லை. அரைமணி நேர வாசிப்பினால் ஒரு நூற்றாண்டின் புறக்கணிப்பை ஈடுசெய்ய இயலாது. ஒளியும் இடமும் அமைதியும் உள்ள வீடு வேண்டும். தோட்டந்தோறும் பிள்ளைகள் மாலையில் அமர்ந்து வாசிக்க ஒரு மண்டபமும் சில நூறு புத்தகங்களும் வேண்டும். தமிழையும் ஆட்சிமொழியாக்கிய 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் பெயர்ப்பலகைகளிலும் படிவங்களிலும் பிழையற்ற, கண்ணுக்குத் தெரியும் அளவான தமிழாக இறங்கி வர வேண்டும். எழுத்தைத் தடிப்பதற்குச் செலவில்லை. இவற்றுக்குச் செலவுண்டு. தடித்த எழுத்தின் கவர்ச்சியில் ஒரு பாதி இதுவே என்று தோன்றுகிறது.

போன மாதம் ஒரு காலை அவள் வகுப்புக்கு வந்ததும் நேரே என்னிடம் வந்தாள். அவர்களது தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் புதிதாக ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்ததாம். நிறை குறைந்தால் அரைப்பேர் என்ற பழைய கதைதான். பெண்கள் கூடி நின்று, "என்னா போட்டிருக்கு, வாசி புள்ள" என்றிருக்கிறார்கள். வாசித்துக் காட்டினாளாம்.

"கடைசி எழுத்து வரைக்கும் வாசிச்சேன் சேர். ரெண்டு தரம் வாசிச்சேன்" என்றாள். பிறகு சற்றுத் தயங்கி, "ஏன் கொடுக்கப்படமாட்டாதுன்னு அதுல போடல. அத யார்கிட்ட சேர் கேக்கிறது?" என்றாள்.

எனக்கு உடனே விடை சொல்ல முடியவில்லை. மணி அடித்தது. பாடத்தைத் தொடங்கும்முன் அந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதினேன். வகுப்பு முழுவதும் அதை வாசித்தது.